வெள்ளம்மா குடித்த தண்ணீர்

வெள்ளம்மா சாம்பல் நிறப் பூனை. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, அந்த ராத்திரி எங்கள் மாடிப்படியில் தண்ணீர் ஏற ஏறத் தானும் ஒவ்வொரு படியாக ஏறி மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தவள். வெள்ளத்தோடு வந்ததால் வெள்ளம்மா. அப்போதே மூன்று வயதிருக்கும் என்று பல்லைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். அதற்கப்புறம் ஈரத் தரையைக் கண்டால்கூடக் காலை உதறிக்கொண்டு சுற்றிப் போகிற பூனை.

அப்படிப்பட்டவள் 2023 மே மாதம் பாத்ரூம் வாளி விளிம்பில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு சளக் சளக்கென்று குடிக்க ஆரம்பித்தாள். அக்னி நட்சத்திரம். "வெயிலுக்கு நல்லா தண்ணி குடிக்கறாடி, சமத்து" என்றார் அம்மா. நானும் சந்தோஷப்பட்டேன். பூனை தண்ணீரே குடிக்காது, கிட்னி போய்விடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஆகவே இது நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டேன்.

கிட்னி போக ஆரம்பித்ததால்தான் அவள் அப்படிக் குடித்தாள் என்பது தெரிய மூன்று மாதம் ஆயிற்று.

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. தின்கிற எலியின் உடம்பில் உள்ள ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளும். அதனால் அதன் சிறுநீரகம் கருமியைப் போல வேலை செய்யும். கழிவை மட்டும் கெட்டியாக வெளியே அனுப்பிவிட்டுத் தண்ணீரைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளும். சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு பழுதானால் இந்தக் கருமித்தனம் போய்விடும். சிறுநீர் பச்சைத் தண்ணீராகப் போகும். போனதை ஈடுகட்டத்தான் பூனை ஓடி ஓடிக் குடிக்கிறது. பாய் நனைகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்கச் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதைத்தான் விளக்கினேன். கிண்ணத்தை எடுத்தால் சிறுநீர் நிற்காது, பூனைதான் காய்ந்துபோகும்.

நல்ல உடம்புள்ள பூனை ஒரு நாளில் குடிக்கிற தண்ணீர், உடல் எடையில் கிலோவுக்கு 50 மி.லி. தாண்டினால் கவலைப்பட வேண்டும். வெள்ளம்மா எவ்வளவு குடித்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது. வாளியில் குடிக்கிறவளுக்கு யார் கணக்கு வைப்பது? ஆனால் கணக்கு வேறிடத்தில் இருந்தது. அவளுடைய மணல் தட்டில் தினமும் அள்ளிப் போடுகிற ஈர உருண்டை முன்பெல்லாம் எலுமிச்சம்பழ அளவு இருக்கும். ஜூனில் அது சாத்துக்குடி அளவுக்கு வந்திருந்தது. அள்ளியது நான்தான். மணல் சீக்கிரம் தீர்ந்துபோகிறதே, விலைகொடுத்து மாளவில்லையே என்றுதான் புலம்பினேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

மற்ற அறிகுறிகளும் வரிசையாக வந்தன. முதுகு மயிர் எண்ணெய் வைத்ததுபோலக் கொத்துக் கொத்தாகப் பிரிந்து நின்றது. நக்கிச் சீவிக்கொள்வதை விட்டிருந்தாள். விடிகாலையில் வெள்ளை நுரையாக வாந்தி. சாப்பாட்டுத் தட்டுக்கு ஓடி வருவாள், மோந்து பார்ப்பாள், உதட்டை நக்குவாள், எச்சிலை விழுங்குவாள், திரும்பிப் போய்விடுவாள். இந்த உதடு நக்கலை ஆசை என்று நினைத்தோம். அது குமட்டல். பசியிருந்தும் குமட்டுகிற பூனை இப்படித்தான் செய்யும். அம்மாதான் ஒருநாள் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சிவிட்டு, "இவ வாய்ல ஏதோ மருந்து நாத்தம் அடிக்குதுடி" என்றார். ரத்தத்தில் யூரியா ஏறினால் வருகிற வாடை அது.

பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு இரண்டு தடவை கொண்டுபோனேன். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், சத்து டானிக் கொடுத்தார்கள், "வயசாயிடுச்சு, அப்படித்தான் மெலியும்" என்றார்கள். ரத்தம் எடுக்கவில்லை; எடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. பத்து வயது தாண்டிய பூனை மெலிந்தால் வயசு என்பது காரணமே இல்லை. கிட்னி, தைராய்டு, சர்க்கரை, பல் என்று ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் இருக்கும். அதிகத் தண்ணீர், எடைக் குறைவு இரண்டும் இவற்றில் முதல் மூன்றுக்குமே பொது. கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலையைத் தூக்கவில்லை. தாடை நெஞ்சில் படுகிற மாதிரி கழுத்து தொங்கிக் கிடந்தது. மறுநாள் காலையில் காய்கறிக் கூடையில் துண்டு விரித்து அவளை உட்கார வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தோம். சீட்டு வாங்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கிரேட் டேன், பின்னால் ஒரு ஆட்டுக்குட்டி. வெள்ளம்மா எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எடை 3.2 கிலோ. ஜனவரியில் தடுப்பூசி அட்டையில் 4.1 என்று எழுதியிருந்தது. கிட்டத்தட்ட கால்வாசி உடம்பு போனதை நாங்கள் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே கவனிக்காமல் இருந்திருக்கிறோம்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 3.6. பாஸ்பரஸ் 6.1. பொட்டாசியம் குறைவு, கழுத்து தொங்கியது அதனால்தான். சிறுநீர் அடர்த்தி 1.013. நல்ல பூனைக்கு இது 1.035க்கு மேல் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் 175. பட்டையை முன்னங்காலில் கட்டி, அவள் அடங்குகிற வரைக்கும் பொறுத்திருந்து, ஐந்தாறு தடவை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். பயந்த பூனைக்கு எப்படியும் அழுத்தம் ஏறும் என்பதால் அந்தப் பொறுமை முக்கியம்.

இந்த எண்களைப் பற்றி அன்று டாக்டர் சொன்னதும் பிறகு நானாகத் தேடிப் படித்ததுமாகச் சேர்த்துச் சொல்கிறேன். கிரியேட்டினின் மந்தமான சாட்சி. சிறுநீரகத்தில் முக்கால்வாசி வேலை நின்ற பிறகுதான் அது வரம்பைத் தாண்டும். எஸ்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு பரிசோதனை அதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். தசை கரைந்த பூனைக்குக் கிரியேட்டினின் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும், ஏனென்றால் அது தசையிலிருந்து வருவது. கிட்னி நோய்க்கு உலகம் முழுக்கப் பின்பற்றுகிற ஐரிஸ் வகைப்பாட்டில் பூனைக்குக் கிரியேட்டினின் 1.6 வரை முதல் நிலை, 2.8 வரை இரண்டாம் நிலை, 5 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. ஆனால் நீர்வற்றிப் போய் வந்து நிற்கிற அன்றைக்கு எடுத்த எண்ணை வைத்து நிலை சொல்லக்கூடாது. நரம்பு வழியாக டிரிப் ஏற்றி, பொட்டாசியம் கொடுத்து, பத்து நாள் கழித்துத் திரும்ப எடுத்தபோது 3.0. மூன்றாம் நிலையின் வாசற்படி. "இது திரும்ப வளர்ற உறுப்பு இல்லம்மா. மிச்சம் இருக்கறதை எவ்வளவு நாள் இழுக்க முடியும்னு பார்க்கலாம்" என்றார் டாக்டர். சுற்றிவளைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து நான் செய்த தப்பு, சாப்பாட்டில்.

பாஸ்பரஸும் புரதமும் குறைத்துச் செய்த கிட்னி உணவுதான் இந்த நோயில் ஆயுளை நீட்டுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை. ராயல் கேனின் ரீனல், ஹில்ஸ் கே/டி என்று கிடைக்கும். படித்த வேகத்தில் அன்று சாயங்காலமே பழைய சாப்பாட்டை எல்லாம் எடுத்துவிட்டு ரீனலைத் தட்டில் வைத்தேன். மருத்துவமனையிலிருந்து வந்து இன்னும் குமட்டிக்கொண்டிருந்த பூனை அதை முகர்ந்தது. அந்த வாசனையையும் குமட்டலையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது. அதற்கப்புறம் ஆறு வாரம், அந்தப் பொட்டலத்தைக் கிழிக்கிற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுவாள். முதலில் குமட்டலை நிறுத்த வேண்டும், சாப்பிட வைக்க வேண்டும், பிறகுதான் உணவை மாற்ற வேண்டும். அதுவும் பழையதில் ஒரு ஸ்பூன் புதியது என்று வாரக்கணக்கில். பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே ஆளைக் கொன்றுவிடும். சரியான சாப்பாட்டைச் சாப்பிடாமல் கிடப்பதைவிட, தப்பான சாப்பாட்டைச் சாப்பிடுவது மேல். இதை எனக்கு முன்னால் அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கும் எனக்கும் அடுத்த ஒன்றரை வருஷம் நடந்த சண்டை மத்தி மீனைப் பற்றியது. வெள்ளம்மா எட்டு வருஷமாக மீன்காரம்மா போடுகிற தலையும் முள்ளும், அப்புறம் சோற்றில் பிசைந்த மத்தியும் தின்று வளர்ந்தவள். எலும்பிலும் முள்ளிலும்தான் பாஸ்பரஸ் குவிந்து கிடக்கிறது. கருவாட்டில் அதோடு உப்பும் சேர்ந்துவிடும். நான் தடை போட்டேன். அம்மா மறைவில் கொடுத்தார். கடைசியில் சமாதானமாக வந்து சேர்ந்தது அவித்த முட்டையின் வெள்ளைக்கரு. அதில் புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. மஞ்சளை எடுத்துவிட்டு, வெள்ளையைப் பூந்துருவல்போல உதிர்த்து ரீனல் உணவின் மேல் தூவினால் அதைத் தின்கிற சாக்கில் கீழே உள்ளதும் உள்ளே போனது. உலர் உணவாக இருந்தால் வெந்நீர் ஊற்றி ஊற வைப்போம். பொட்டலத்து ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், உலர் உணவில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கிட்னிப் பூனைக்குத் தட்டு வழியாகப் போகிற தண்ணீரும் தண்ணீர்தான்.

கிண்ணம் வழியாகப் போகிற தண்ணீருக்கு அகலமான மண் சட்டி வாங்கினோம். மீசை விளிம்பில் உரசாத அகலம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் ஹாலில் ஒன்று, மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று.

இதற்கு மேலும் தேவைப்பட்ட தண்ணீரைத் தோலுக்கடியில் கொடுக்கச் சொன்னார்கள். வாரத்துக்கு மூன்று நாள், ரிங்கர் லாக்டேட் என்கிற டிரிப் திரவம் 100 மி.லி., வீட்டிலேயே. கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. அம்மாவுக்கு ரத்தம் எடுக்கும்போதே வேறு பக்கம் பார்க்கிற ஆள் நான்.

எப்படிச் செய்தோம் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த சொம்பில் பத்து நிமிஷம் நிற்க வைப்போம். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடோ குளிரோ தெரியக்கூடாது. பாட்டில் தொங்குவது ஹாலில் தினசரிக் காலண்டர் மாட்டுகிற ஆணியில். காலண்டர் அரைமணி நேரத்துக்கு டிவி மேல் போய்விடும். குழாயில் காற்றில்லாமல் கொஞ்சம் ஓட விட்டு, ஓட்டத்தை நிறுத்துகிற உருளையை மூட வேண்டும். அம்மா மடியில் துண்டு, துண்டின் மேல் வெள்ளம்மா, அவள் மூக்குக்கு நேரே முட்டை வெள்ளை. தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் தோலைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் தூக்கினால் கூடாரம்போல நிற்கும். கூடாரத்தின் வாசலில், முதுகெலும்புக்கு இணையாக, ஊசியை ஒரே வீச்சில் நுழைக்க வேண்டும். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கிறது. முதல் தடவை நான் கூடாரத்தின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டேன். அம்மா புடவைதான் நனைந்தது. "பூனைக்கு வைடி, எனக்கில்ல" என்றார்.

மெல்லிய ஊசி வலிக்காது என்று நினைத்து ஆரம்பத்தில் 22 நம்பர் வாங்கினேன். பதினைந்து நிமிஷம் ஆகியும் பாதிகூடப் போகவில்லை, பூனையின் பொறுமை போய்விட்டது. 18 நம்பருக்கு மாறியதும் ஐந்தே நிமிஷம். தண்ணீர் போன இடம் ஒட்டகத் திமில்போல உப்பும். சாயங்காலத்துக்குள் அது சரிந்து ஒரு பக்கத்து முன்னங்காலுக்கு வந்து, அவள் ஒரு கையில் மட்டும் பயில்வான்போல நடப்பாள். பயப்பட வேண்டாம், உடம்பு இழுத்துக்கொள்ளும். மருந்துக்கடையில் "குளுக்கோஸ் பாட்டில்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அதிலிருக்கும் டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைக் கரைசலைத் தோலுக்கடியில் விடக்கூடாது. இதயக் கோளாறுள்ள பூனைக்கு இந்தத் தண்ணீரே மூச்சை அடைக்கும். தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டினால் அடுத்த பாட்டில் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அழுத்தத்துக்கு அம்லோடிபின், நம்ம வீட்டுப் பெரியவர்கள் போடுகிற அதே மருந்து, 2.5 மி.கி. மாத்திரையை நாலாக உடைத்ததில் ஒரு துண்டு. இந்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் விழித்திரை பிய்ந்து ஒரே ராத்திரியில் பார்வை போகும். பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் மருந்து சாப்பாட்டோடுதான் வேலை செய்யும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வீண். பசிக்கு மிர்ட்டாசபின், கிட்னிப் பூனைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் வேளை போட்ட அன்று வெள்ளம்மா ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டே பிரிட்ஜைச் சுற்றி வந்தாள். அளவெல்லாம் இவளுக்குச் சொன்னவை; உங்கள் பூனைக்கு உங்கள் டாக்டர்.

எடை போட்டது தெருமுனை மளிகைக் கடையில். ஞாயிறு காலை கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கட்டைப்பையில் அவளை வைத்துக் கொண்டுபோவேன். அண்ணாச்சி தராசில் ஒரு காகிதம் விரித்து, காலிப் பையின் எடையைக் கழித்து, "மூணு கிலோ நூத்தி இருவது. போன வாரத்துக்கு இப்ப நாப்பது கிராம் கூட" என்பார். அவருக்கு எல்லாமே ஞாபகமிருக்கும். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுவேன்: எடை, சட்டியில் ஊற்றிய தண்ணீர், மிச்சம், வாந்தி, சாப்பிட்டது. கிரியேட்டினினை ஒவ்வொரு மாதமும் எடுத்துப் பதறுவதைவிட இந்த நோட்டு உதவியது. ரத்தப் பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டோம்.

ஏன் வந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். வயதான பூனைகளில் பெரும்பாலும் ஒற்றைக் காரணம் சொல்ல முடிவதில்லை. ஆனால் இளம் பூனைக்குத் திடீரென்று வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். பூங்கொத்தில் வருகிற லில்லி, அதன் இதழோ மகரந்தமோ ஜாடித் தண்ணீரோ கொஞ்சம் உள்ளே போனால் போதும், மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுவிடும். கல்யாண வரவேற்பில் மிஞ்சிய பூங்கொத்தை ஆசையாக வீட்டுக்கு எடுத்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். நமக்கு வாங்கிய டிக்ளோபினாக், ஐபுபுரூபன் வலி மாத்திரையில் ஒரு துண்டைப் பூனைக்குக் கொடுப்பது அடுத்தது. மாட்டுக்குப் போட்ட டிக்ளோபினாக்தான் செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அந்த இனத்தையே சரித்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பாராசிட்டமால் இன்னும் மோசம், அது பூனையின் ரத்தத்தையே கெடுக்கும். பெர்சியன் பூனை வளர்க்கிறவர்கள் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வருகிற பரம்பரைக் கோளாறு அந்த இனத்தில் உண்டு. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால், அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெயைத் தேடாதீர்கள். வழி அடைத்திருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

ஜப்பானில் பூனைக் கிட்னிக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் மாதம் ஒருவராவது எனக்கு அனுப்பினார்கள். மியாசாகி தோரு என்ற ஆராய்ச்சியாளர், ஏ.ஐ.எம். என்ற ரத்தப் புரதம் பூனைகளில் சரியாக வேலை செய்யாததைக் கண்டறிந்து மருந்தாக்க முயல்வது உண்மை. 2021-ல் செய்தி பரவியதும் ஜப்பானியப் பூனைப் பிரியர்கள் நன்கொடையைக் கொட்டினார்கள். வெள்ளம்மாவுக்கு நாங்கள் கொடுக்கக் கூடிய மருந்தாக அது வந்து சேரவில்லை.

2024 தீபாவளி வரை எடை மூன்று கிலோவை ஒட்டியே நின்றது. பழையபடி ஜன்னல் திட்டில் ஏறி அணிலைப் பார்த்துப் பல்லைக் கடகடத்தாள். டிசம்பரில் சரிந்தாள். கிரியேட்டினின் 7.8, ஈறு சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. ரத்தம் ஊற வைக்கும் ஊசி உண்டு, ரத்தம் ஏற்றலாம், சில வாரம் கிடைக்கும் என்றார் டாக்டர். வீட்டில் போடுகிற ஊசிக்கே ஓடி ஒளிகிறவளைக் கூடையில் போட்டு ரயிலேற்ற எனக்கு மனசில்லை. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எப்பன்னு கேளு" என்றார். ஜனவரி முதல் வாரம் டாக்டர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். அம்மா மடியில், அதே துண்டின் மேல்.

எடை எழுதுவதை நான் அதற்கு முந்தைய ஞாயிறோடு நிறுத்தியிருந்தேன். மார்ச்சில் அலமாரியை ஒழிக்கும்போது நோட்டு கையில் வந்தது. என் கடைசி வரிக்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் இருந்தது: "வியாழன். காலை 9 மணி. மத்தி 2. முழுசும் தின்னா."